கல்லூரி வாசலும் கடல் கடந்த பிள்ளைகளும்

யாழ்ப்பாணத்துக் கிறித்தவக் கல்லூரிகளைக் குறைகூறி எழுதத் தொடங்கும் எவனையும் நோக்கி முதலில் வீசப்படும் சொல் ‘நன்றி மறந்தவன்’ என்பது. அச்சொல்லை நானே எடுத்து என்மீது போட்டுக்கொண்டு தொடங்குகிறேன். என் அம்மம்மா எழுத்தறிந்தது தீவகத்துக் கத்தோலிக்கப் பாடசாலையொன்றின் ஓலைக் கொட்டிலில். அவர் கையைப் பிடித்து மணலில் அகரம் எழுதுவித்தவர் ஒரு கன்னியர். அந்தக் கன்னியர் இல்லையேல் என் தாய் பாடசாலைக்குப் போயிருக்கமாட்டாள். நான் பல்கலைக்கழகத்தில் தமிழ் கற்று ஆசிரியனாய் நின்றிருக்கமாட்டேன். கடன் உண்டு, மறுக்கவில்லை. கடன்பட்டவன் கடன் கொடுத்தோன் வீட்டு வாசலில் நின்று நியாயம் கேட்கலாகாது என்று எந்த அறநூலும் சொன்னதாக நான் அறியேன்.

நான் கேட்க வந்தது யாழ்ப்பாண நகரத்தையும் அதன் சுற்றுப்புறத்தையும் தம் கோட்டையாகக் கொண்டு, பிள்ளைகளைப் பல்கலைக்கழக வாசல்வரை கொண்டுசென்று விடுவதையே தொழிலாகக் கொண்ட தனியார் கிறித்தவ நாட்பாடசாலைகளைப் பற்றியது. பெயர்கள் நாடறிந்தவை. 1823இல் தொடங்கிய சுண்டிக்குளிப் பரியோவான் கல்லூரி, 1850இல் தொடங்கிய புனித பத்திரிசியார் கல்லூரி, 1872இல் எழுந்த வட்டுக்கோட்டை யாழ்ப்பாணக் கல்லூரி, 1824ஆம் ஆண்டின் உடுவில் மகளிர் கல்லூரி, 1896ஆம் ஆண்டின் சுண்டிக்குளி மகளிர் கல்லூரி. இவற்றின் பழமையும் பெருமையும் ஆண்டுதோறும் பரிசளிப்பு விழாக்களில் ஓதப்படுவன. நானும் ஓதி உங்கள் பொழுதைப் போக்கப் போவதில்லை. இவற்றின் வாசல்களிலிருந்து எங்கள் தீவுகள் எத்தனை தொலைவில் இருக்கின்றன என்பதையே சொல்ல விரும்புகிறேன். மைற்கணக்கில் அன்று.

‘நாட்பாடசாலை’ என்ற சொல்லைச் சற்று நிறுத்திப் பாருங்கள். காலையில் வந்து மாலையில் வீடு திரும்பும் பிள்ளைக்கென அமைந்த பாடசாலை என்பது அதன் பொருள். அப்படியாயின் வீடு பக்கத்தில் இருக்கவேண்டும். அல்லது வீட்டுக்கும் பாடசாலைக்கும் இடையே காசு கொடுத்து ஓட்டும் வாகனம் இருக்கவேண்டும். நெடுந்தீவுப் பிள்ளைக்கு வீட்டுக்கும் கல்லூரிக்கும் இடையே இருப்பது கடல். நெடுந்தீவு இறங்குதுறையிலிருந்து குறிகட்டுவானுக்குப் படகில் ஏறத்தாழ ஒரு மணி நேரம். அங்கிருந்து புங்குடுதீவையும் வேலணையையும் கடந்து பண்ணைப் பாலத்தால் யாழ்ப்பாணம் சேர பஸ்ஸில் இன்னும் ஒரு மணி நேரத்துக்கு மேல். சோளகம் பெயர்ந்து கடல் கொந்தளிக்கும் மாதங்களில் படகு புறப்படுமா என்பதே கேள்வி. கல்லூரியின் முதல் மணி யாருக்காகவும் காத்திராது. அனலைதீவு, எழுவைதீவு, நயினாதீவுப் பிள்ளைகள் நிலையும் அதுதான். தூரம் மட்டும் சிறிது குறையும். இக்கல்லூரிகளில் விடுதி உண்டே என்பீர்கள். உண்டு. விடுதி என்பது மாதந்தோறும் அதற்கெனக் காசு கட்டக்கூடிய தகப்பனுடைய பிள்ளைக்கு. கடலை நம்பிய தகப்பனுக்கு மாதவருமானம் என்று ஒன்று கிடையாது. காற்றும் நீரோட்டமும் தருகிற வருமானமே உண்டு.

எங்களுக்குக் கடல்வழி என்பது சுற்றுலாக்காரர் படம்பிடிக்கும் காட்சியன்று என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 1985 மே 15ஆம் நாள் நெடுந்தீவிலிருந்து புறப்பட்ட குமுதினிப் படகு நடுக்கடலில் மறிக்கப்பட்டு, பெண்களும் குழந்தைகளும் முதியோரும் வெட்டிக் கொல்லப்பட்ட கடல் அது. அதன் பின்னும் அதே படகுவழியால்தான் எங்கள் பிள்ளைகள் பரீட்சைக்குப் போனார்கள். 1990இல் தீவகம் இராணுவத்தின் கைக்குப் போனபோது மக்கள் பெருந்தொகையாய் ஊர்விட்டு ஓடினர். வசதியுள்ளோர் கொழும்புக்கும், கொழும்பிலிருந்து பாரிசுக்கும் இலண்டனுக்கும் தொரன்ரோவுக்கும் போயினர். பின்னர் ஊர் மீண்டோரில் மிகுந்தோர் வேறெங்கும் போக வழியற்றோர்: கடற்றொழிலாளர், கூலித் தொழிலாளர், காலங்காலமாய்க் காணியற்றோராய் வைக்கப்பட்ட ஒடுக்கப்பட்ட சாதியார். தீவகத்துப் பாடசாலை வாங்குகளில் இன்று இருப்போர் பெரும்பாலும் இவர்களின் பிள்ளைகளே. நகரத்துக் கல்லூரியின் வாசல் இவர்களுக்குத் திறக்கிறதா இல்லையா என்பது ஆகவே போக்குவரத்துப் பிரச்சினை மட்டுமன்று.

சில ஆண்டுகளுக்கு முன் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். என் வகுப்பு மாணாக்கன் ஒருவனின் கதை. பெயர் வேண்டாம், ஊரும் வேண்டாம், கல்லூரியின் பெயரும் வேண்டாம். அவன் ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சையில் வெட்டுப்புள்ளிக்கு நன்கு மேலாகப் பெற்றான். கணக்கில் அவனுக்கு இருந்த மூளை எனக்கு இல்லை; அவன் ஆசிரியர் எவருக்கும் இல்லை. குடும்பம் கத்தோலிக்கக் குடும்பம். தகப்பன் களங்கட்டி மீன்பிடிப்பவர். பட்டணத்தில் சமயச் சூழலில் விடுதியோடு படிக்கலாமென்று யாரோ நல்லெண்ணத்தோடு சொல்ல, தகப்பனும் மகனும் தனியார் கல்லூரியொன்றின் நேர்முகத்துக்குப் போயினர். தகப்பன் பெருநாளுக்கு உடுக்கும் வெள்ளைச் சேட்டை உடுத்துப் போனார். திரும்பி வந்தபின் என் வீட்டுப் படியில் இருந்து அவர் சொன்னதை அவர் சொல்லிலேயே தருகிறேன்: “சேர், அவை பெடியனைப் பற்றி ஒண்டும் கேக்கேல்லை. என்னைப் பற்றித்தான் கேட்டவை. நான் எங்க படிச்சனான், என்ன தொழில், வெளிநாட்டில ஆர் இருக்கினம், கல்லூரி வளர்ச்சிக்கு என்ன செய்யலாம் எண்டு. நான் என்னத்தைச் சொல்ல?” அறிவிப்பதாகச் சொன்னார்களாம். அறிவித்தல் வரவில்லை.

இதில் கொடியவர் எவரும் இல்லை என்பதைக் கவனியுங்கள். நேர்முகத்தில் இருந்தோர் இனிமையாகவே பேசினர், தேநீரும் கொடுத்தனர். தனிமனிதரின் கொடுமையாயின் மன்னித்து விடலாம். ஆனால் பிள்ளையைச் சேர்க்குமுன் தகப்பனை நிறுத்துப் பார்க்கிற தராசு ஒன்று அங்கே இருக்கிறது. பழைய மாணவரின் பிள்ளைக்கு ஒரு படி, தேவாலயத்தில் செல்வாக்குள்ளவரின் பிள்ளைக்கு ஒரு படி, அபிவிருத்தி நிதிக்கு வாரி வழங்குவோன் பிள்ளைக்கு ஒரு படி என்று எடைக்கற்கள் வைத்த தராசு. அரச பாடசாலையின் வெட்டுப்புள்ளி முறையிலும் ஆயிரம் குற்றம் உண்டு. பத்து வயதுப் பிள்ளையை ஒரு காலைப்பொழுதில் அளந்து முடிப்பது காட்டுமிராண்டித்தனம் என்று வகுப்பறையிலும் வெளியிலும் சொல்லி வருபவன் நான். எனினும் வெட்டுப்புள்ளி ‘உன் தகப்பன் யார்?’ என்று கேட்பதில்லை. நேர்முகம் கேட்கிறது.

இத்தராசு நேற்று வந்ததன்று. அமெரிக்க மிசனரிமார் 1816இல் யாழ்ப்பாணம் வந்து 1823இல் வட்டுக்கோட்டைச் செமினறியைத் தொடங்கியபோது, பிள்ளைகளுக்கு ஊணும் உடையும் உறையுளும் கொடுத்தே கற்பித்தனர். வான்கணிதம், இயற்கை விஞ்ஞானம், ஆங்கிலம், தமிழிலக்கியம், வடமொழி எல்லாம் அங்கே போதிக்கப்பட்டன. மாணாக்கருள் பெரும்பாலோர் வேளாளர் வீட்டுப் பிள்ளைகள். அப்பிள்ளைகள் அமெரிக்க உபகாரிகளின் பெயர்களைத் தலையிற் சூடிக்கொண்டு, கற்பதைக் கற்று, உத்தியோகம் தேடிப் போயினர். சிலர் சூடிய பெயரையும் சமயத்தையும் கழற்றி வைத்துவிட்டுச் சைவராய் மீண்டனர். சென்னைச் சர்வகலாசாலையின் முதற் பட்டதாரிகளாய் 1857இல் தேறிய சி. வை. தாமோதரம்பிள்ளையும் விசுவநாதபிள்ளையும் அச்செமினறியிற் கற்றவரே. தாமோதரம்பிள்ளை தொல்காப்பியத்தையும் கலித்தொகையையும் அச்சேற்றியதற்கு வட்டுக்கோட்டைக்கும் ஒரு பங்கு புண்ணியம் உண்டு.

ஆனால் 1855இல் போஸ்ரனிலிருந்து வந்த தூதுக்குழு செமினறியை மூடிவிட்டது. ஏன்? ஆங்கிலம் படித்து அரச உத்தியோகம் பெறுவதற்கான ஏணியாக அது மாறிவிட்டது, மிசனின் நோக்கம் அதுவன்று, கல்வி தாய்மொழியிலும் கிராமத்திலும் நடக்கட்டும் என்பது அக்குழுவினரின் எண்ணம். அவர்கள் நோக்கம் மதப்பிரசாரம், அதை மறைக்கவேண்டியதில்லை. ஆயினும் அவர்கள் கண்ட நோய் மெய்யான நோய். பதினேழு ஆண்டுகள் கழித்து, உள்ளூர்ப் பெரியோரின் விருப்பத்தால் யாழ்ப்பாணக் கல்லூரி எழுந்தபோது அந்த ஏணி மீண்டும் நிறுத்தப்பட்டது. இந்த வரலாற்றில் ஒரு வேடிக்கை இருக்கிறது. வெள்ளைக்காரன் வெட்கப்பட்டு மூடிய கடையை நம்மவர் மாலை போட்டுத் திறந்தனர்! கல்லூரி நூற்றாண்டு மலர்களில் முதற்செய்தி ஒரு வரியிலும் இரண்டாவது பல பக்கங்களிலும் வரும்.

சாதியின் கதையையும் தொட்டுச் செல்லவேண்டும். இருபதாம் நூற்றாண்டின் இருபதுகளில்கூட, உதவிநன்கொடை பெற்ற பாடசாலைகளில் ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகள் நிலத்திலும் ஏனையோர் வாங்கிலும் இருந்தனர். சமஆசனம் வேண்டுமென்று அரசு பணித்தபோது யாழ்ப்பாணத்துக் கனவான்கள் மனுக்கொடுத்து எதிர்த்தனர், பாடசாலைகள் தீக்கிரையாயின. எதிர்த்தோருள் சைவர் மிகுதி; கிறித்தவர் இல்லாமலில்லை. அக்காலத்தில் எதிர்நீச்சல் அடித்தவர்களும் கிறித்தவக் கல்லூரி வளவுக்குள்ளிருந்தே வந்தார்கள். யாழ்ப்பாணக் கல்லூரி ஆசிரியராயிருந்த ஹன்டி பேரின்பநாயகம் 1924இல் மாணவர் காங்கிரசைத் தோற்றுவித்தார். அதுவே பின்னர் வாலிபர் காங்கிரசாகிச் சமஆசனத்துக்கும் சமபந்திக்கும் தீண்டாமை ஒழிப்புக்கும் குரல் கொடுத்தது. ஆகவே, கிறித்தவக் கல்லூரி என்றாலே பிற்போக்கு என்று நான் சொல்வதாக எவரும் திரிக்கவேண்டாம். பேரின்பநாயகத்தைப் பெற்றது அந்த மரபு. இன்று அது யாரைப் பெறுகிறது என்பதே கேள்வி.

இனி 1960க்கு வருவோம். சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவின் இலவசக் கல்வித் திட்டம் 1945இல் நடைமுறைக்கு வந்தது. தீவகத்திலும் மத்திய பாடசாலை எழுந்தது. வேலணை மத்திய கல்லூரியின் படிகளில் ஏறியிராவிட்டால் உத்தியோகம் என்ற சொல்லையே கேட்டிராத குடும்பங்கள் எத்தனையோ. 1960இல் சிறிமாவோ அம்மையாரின் அரசு, உதவிநன்கொடைப் பாடசாலைகளைப் பொறுப்பேற்கும் சட்டத்தைக் கொண்டுவந்தது. அவ்வாண்டு டிசெம்பரில் கத்தோலிக்கப் பெற்றோர் பாடசாலைகளுக்குள் புகுந்து இருந்து போராடினர். இடதுசாரிகள் சட்டத்தை ஆதரித்தனர், ஆதரித்தது சரியே. பொதுப்பணத்தில் நடக்கும் பாடசாலையைப் பொதுமக்களே ஆளவேண்டும்.

ஆனால் அச்சட்டத்தில் ஒரு வாசல் திறந்து விடப்பட்டது. முதலாம், இரண்டாம் தரத்துப் பெரிய பாடசாலைகள், கட்டணம் அறவிடலாகாது, அரச உதவியும் இல்லை என்ற நிபந்தனையோடு தனித்து நிற்கலாம். அந்த வாசலால் நுழைந்தவை எவை? காணியும் கட்டடமும் பழைய மாணவர் பலமும் கொண்ட பெருங்கல்லூரிகள். அரசு எடுத்துக்கொண்டவை எவை? ஓலைக் கொட்டில்களும் ஓட்டுக் கூரைகளும் கொண்ட சின்னஞ்சிறு பாடசாலைகள். திருச்சபை எதைக் கைவிடச் சம்மதித்தது, எதைக் கைவிடச் சம்மதிக்கவில்லை என்பதில் எல்லாம் இருக்கிறது. ஊர்காவற்றுறைப் புனித அந்தோனியார் கல்லூரி இன்று அரச பாடசாலை. அது அரசிடம் போனதில் எனக்கு ஒரு மனக்குறையும் இல்லை. நகரத்துச் சகோதரக் கல்லூரி மட்டும் போகாமல் நின்றதே, அதில்தான் மனக்குறை. ஒரே சபை கட்டிய இரண்டு வீடுகள். கடற்கரை வீடு பொதுவுக்கு, பட்டணத்து வீடு தமக்கு!

உதவியில்லாமல் நின்ற கல்லூரிகள் அடுத்த பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாக மெய்யாகவே வருந்தின. சம்பளமில்லாத மாதங்களிலும் கற்பித்த ஆசிரியர்கள் அங்கே இருந்தனர். அவர்களுக்கு என் வணக்கம். எழுபதுகளின் பிற்பகுதிக்குப் பின் ஆட்சி மாறியது; இக்கல்லூரிகளின் ஆசிரியர் சம்பளத்தை அரசே ஏற்றது. இன்று அரச உதவி பெறும் தனியார் பாடசாலை என்று ஒரு வகையே இருக்கிறது. நிலைமையை நேராகச் சொன்னால் இதுதான்: கற்பிப்பவருக்குச் சம்பளம் மக்கள் பணம், யாரைக் கற்பிப்பது என்ற முடிவு மட்டும் தனியார் உரிமை. நெடுந்தீவு மீனவன் மண்ணெண்ணெய்க்கும் மாவுக்கும் சீனிக்கும் கட்டும் வரியில், தன் பிள்ளையைச் சேர்க்காத கல்லூரியின் ஆசிரியருக்கும் ஒரு பங்கு போகிறது. பள்ளிக்கட்டணம் என்ற பெயர் இல்லை. வசதிக் கட்டணம், அபிவிருத்தி நிதி, பராமரிப்புப் பங்களிப்பு என்று நிகண்டு பார்த்துப் பெயர் வைக்கிறார்கள். தமிழாசிரியன் என்ற முறையில் அவர்களின் சொல்வளத்தை மெச்சுகிறேன்.

சமயச் சிறுபான்மையின் உரிமை என்பார்கள். ஒரு கல்லூரி தன் வழிபாட்டையும் தன் விழுமியங்களையும் காத்துக்கொள்வதை நான் எதிர்க்கவில்லை. பெரும்பான்மைவாதம் தலைவிரித்தாடும் நாட்டில் அந்த உரிமை பேணப்படவேண்டியதே. ஆனால் நான் சொன்ன கதையில் திருப்பி அனுப்பப்பட்ட பிள்ளை கத்தோலிக்கப் பிள்ளை. சேர்க்கப்பட்டோருள் சைவ வர்த்தகரின் பிள்ளைகளும் வைத்தியரின் பிள்ளைகளும் இருப்பார்கள். அந்த வாசலில் காக்கப்படுவது எந்தச் சிறுபான்மை? காசுள்ள சிறுபான்மையா? ஆண்டுதோறும் தவக்காலத்தில் கச்சதீவுக்குப் படகேறிப் போய் அந்தோனியார் திருவிழாவில் கடற்றொழிலாளரை ஆசீர்வதிக்கிறது திருச்சபை. அந்தத் தகப்பனும் ஆண்டுதோறும் போய் மெழுகுதிரி ஏற்றுபவர். தீவில் அவர் தலையில் வைத்த கையை நகரத்தில் அவர் மகன் தலையிலும் வைத்தால் என்ன?

கேரளத்தை நினைத்துப் பாருங்கள். 1957இல் ஈ. எம். எஸ். அரசில் கல்வி அமைச்சராயிருந்த ஜோசப் முண்டசேரி ஒரு கிறித்தவர். கிறித்தவக் கல்லூரிப் பேராசிரியர். அரசு பணம் கொடுக்கும் தனியார் பாடசாலையில் ஆசிரியர் நியமனமும் ஒழுங்குக்குட்படவேண்டும் என்று அவர் சட்டம் கொண்டுவந்தார். சபையும் நாயர் சங்கமும் கைகோத்து ‘விமோசன சமரம்’ நடத்தின. 1959 ஜூலை 31இல் அந்த அரசே கலைக்கப்பட்டது. சிலுவையும் சாதியும் எங்கே கைகோக்கும் என்பதை அன்று இந்தியா கண்டது. எல்லாச் செல்வர் பாடசாலைகளுக்கும் தாயகமான இங்கிலாந்திலேயே 2025 சனவரி முதல் தனியார் பாடசாலைக் கட்டணத்துக்கு நூற்றுக்கு 20 வரி விதித்திருக்கிறார்கள். அங்கேயும் வானம் இடிந்து விழுமென்றுதான் கூச்சலிட்டனர்.

தரம் என்பது அவர்களின் அடுத்த கேடயம். ‘எங்கள் பிள்ளைகள் பல்கலைக்கழகம் போகிறார்கள், உங்கள் பிள்ளைகள் போகிறார்களா?’ என்று கேட்கிறார்கள். நல்ல கேள்வி. அதற்குப் பல்கலைக்கழக அனுமதி முறையைச் சற்று விளக்கவேண்டும். கலைத்துறை தவிர்ந்த பெரும்பாலான துறைகளில் நூற்றுக்கு 40 இடம் நாடளாவிய திறமை வரிசைக்கு. 55 மாவட்டங்களுக்குச் சனத்தொகைக் கணக்கில். எஞ்சிய 5 பின்தங்கிய மாவட்டங்கள் பதினாறுக்கு. அந்தப் பதினாறில் யாழ்ப்பாணமும் ஒன்று. யாழ்ப்பாணம் ஏன் பின்தங்கியது? போர் தின்றதால், தீவகமும் வலிகாமம் வடக்கும் வடமராட்சி கிழக்கும் ஆண்டுக்கணக்காய்ப் பாழாய்க் கிடந்ததால். ஆயின் பின்தங்கிய மாவட்டம் என்ற பெயரில் வரும் மேலதிக இடத்துக்கு யார் முந்துவர்? அந்தக் கணக்கில் மாவட்டம் என்பது ஒரே ஓர் அலகு. சுண்டிக்குளிப் பிள்ளையும் நெடுந்தீவுப் பிள்ளையும் அதில் ஒரே வரிசையில் நிற்கிறார்கள். ஒருவனுக்குப் பௌதிகவியல் ஆசிரியரும் ஆய்வுகூடமும் மாலையில் பெயர்பெற்ற ரியூசன் ஆசிரியரும் உண்டு. மற்றவனுக்குப் படகு உண்டு. நோயாளியின் பெயரால் வாங்கிய மருந்தை வீட்டிலுள்ள பலசாலி குடிக்கும் கதை இது.

எழுபதுகளில் தரப்படுத்தல் வந்தபோது யாழ்ப்பாணம் கொதித்தெழுந்தது. தமிழ்மொழி மூல மாணவன் கூடுதலான புள்ளி பெறவேண்டுமென்பது அப்பட்டமான அநீதி. அதை எதிர்த்தது நியாயம். அந்தக் கொதிப்பு ஒரு தலைமுறையின் வரலாற்றையே மாற்றியது. ஆனால் கொதித்த அந்த யாழ்ப்பாணம், தன் மாவட்டத்துக்குள்ளே தீவகம் என்று ஒரு பின்தங்கிய மாவட்டம் கிடப்பதைப் பற்றி எந்த மேடையில் பேசியது? கொழும்பு நமக்குச் செய்ததை நாம் நெடுந்தீவுக்குச் செய்தால் அதற்குப் பெயர் திறமை!

தரம் என்ற பேச்சு வந்தால் ஆங்கிலப் பேச்சும் பின்னால் வரும். ஆங்கிலமொழி மூல வகுப்புக்கள் மீண்டும் திறக்கப்பட்ட காலந்தொட்டு, ‘எங்கள் மிசனரி மரபு ஆங்கில மரபு’ என்று சொல்வது நாகரிகமாகிவிட்டது. பொய். ‘உதயதாரகை’யை 1841இல் தமிழிலும் வெளியிட்டது அந்த மிசன். 1847இல் வந்த வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், உடற்கூற்றையும் இரணவைத்தியத்தையும் தமிழாக்கி, 1860களில் மானிப்பாயில் மேலைநாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே படிப்பித்தார். ஆங்கிலத்தில் கற்றவன் பட்டணத்தில் உத்தியோகம் பார்ப்பான், தமிழில் கற்றவன் தன் கிராமத்தில் வைத்தியம் பார்ப்பான் என்பது அந்த அமெரிக்கரின் கணக்கு. மரபைப் பேசுவோர் கிறீனின் மரபைப் பேசட்டும். கேட்க நான் முதல் வரிசையில் வந்து இருப்பேன்.

தனிநாயகம் அடிகளையும் இங்கே நினைக்கவேண்டும். 1913இல் கரம்பொனில் பிறந்து, ஊர்காவற்றுறைப் புனித அந்தோனியார் கல்லூரியில் தொடங்கி, யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியில் வளர்ந்து, 1966இல் கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழாராய்ச்சி மாநாட்டைக் கூட்டிய தீவகத்து மகன் அவர். தீவுக்கும் நகரத்துக்கும் இடையே ஒரு படிக்கட்டு இருந்தது என்பதற்கு அவர் சான்று. அவருக்குச் சிலை வைக்கிறோம், நினைவுப் பேருரை நடத்துகிறோம். அந்தப் படிக்கட்டில் இப்போது எத்தனை படி மிஞ்சியிருக்கிறது என்று எண்ணிப் பார்ப்பதில்லை.

சைவ அன்பர்கள் இதைப் படித்து மகிழ்ந்துகொண்டிருப்பார்களாயின் அவர்களுக்கும் ஒரு சொல். நாவலர் 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கியது மிசனரிக் கல்விக்கு மாற்றாக. யாருக்கு அது மாற்றாக இருந்தது, யாருக்கு அதன் வாசல் திறக்கவேயில்லை என்பதை நாம் அறிவோம். நகரத்து இந்துக் கல்லூரிகள் அரச கல்லூரிகளாயினும் பழைய மாணவர் சங்கத்தின் கை அங்கே நீளாமலில்லை. ஆண்டுதோறும் ‘வடக்கின் பெருஞ்சமர்’ என்று பரியோவானும் மத்திய கல்லூரியும் மட்டையும் பந்துமாய் மோதும்போது பத்திரிகைகள் பக்கம் பக்கமாய் எழுதும்; ஒன்று தனியார், மற்றது அரசுடையது, இரண்டையும் தொடங்கியது மிசன். நான் துடுப்பாட்டத்துக்குப் பகைவனல்லன். தீவகத்துப் பாடசாலையொன்றில் விஞ்ஞான ஆசிரியர் இல்லாத செய்திக்கும் அந்தப் பக்கங்களில் அரைக்கட்டம் கிடைக்கலாம் என்பதே என் ஆசை.

கடைசியில் நமக்கே வருகிறேன். இந்த இதழை வாங்கிப் படிக்கும் ஆசிரியர்களாகிய நமக்கு. நேர்முகத்தில் தகப்பனை நிறுக்கும் தராசை யார் கட்டிக் காக்கிறார்கள்? திருச்சபை மட்டுமா? தீவகத்துக்கு நியமனம் பெற்று வந்து, ஐந்தாண்டு எப்போது கழியுமென்று நாட்காட்டியைக் கிழித்து, இடமாற்றத்துக்கு ஆள்பிடித்து, பிள்ளையைப் பட்டணத்துத் தனியார் கல்லூரியில் சேர்க்க முதல் ஆளாய் வரிசையில் நிற்பவர் யார்? சமத்துவம் பற்றிக் கருத்தரங்கில் கட்டுரை படிப்பவரும் அந்த வரிசையில் நிற்கக் கண்டேன். என்னையும் விட்டுவிடவில்லை. என் மகள் அடுத்த ஆண்டு முதலாம் வகுப்புக்குப் போகவேண்டியவள். அத்தகைய கல்லூரியொன்றின் விண்ணப்பப் படிவம் இரண்டு மாதமாய் எங்கள் வீட்டு அலுமாரியில் இருந்தது. என் மனைவியும் நானும் அதைப்பற்றி மூன்று இரவு வாதாடினோம். ‘உங்கள் கொள்கைக்கு என் பிள்ளையா பலி?’ என்று அவள் கேட்டாள். அக்கேள்விக்கு என்னிடம் இன்னும் நிறைவான விடை இல்லை. மகளை ஊர்ப் பாடசாலையில் பதிந்திருக்கிறோம், அச்சத்தோடுதான் பதிந்திருக்கிறோம். இந்த அச்சத்தைத் தகப்பன்மாருக்கு உண்டாக்குகிற ஏற்பாடு நியாயமான ஏற்பாடாய் இருக்கமுடியாது.

கல்லூரிகளை இடித்துத் தள்ளென்று நான் கேட்கவில்லை, மூடென்றும் கேட்கவில்லை. மக்கள் பணத்தில் ஆசிரியர் சம்பளம் பெறும் வரை, சேர்க்கை நேர்முகத்தில் தகப்பனின் தொழிலையும் கொடையையும் கேட்கும் உரிமை உங்களுக்கு இல்லை என்கிறேன். புலமைப்பரிசில் தேறிய தீவகப் பிள்ளைகளுக்கும் ஒடுக்கப்பட்ட சமூகப் பிள்ளைகளுக்கும் விடுதியோடு கட்டணமின்றி இடம் ஒதுக்குங்கள் என்கிறேன். சம்பளத்தைத் தரும் அரசு அதையே நிபந்தனையாக்கட்டும். புலம்பெயர்ந்த பழைய மாணவர் நீச்சல் தடாகத்துக்கும் விளையாட்டரங்கத்துக்கும் அனுப்பும் பணத்தில் ஒரு பங்கு விடுதிக்குப் போகட்டும். இதைவிடப் பெரிய பொறுப்பு அரசினுடையது: தீவகத்திலேயே உயர்தர விஞ்ஞான, கணித வகுப்புக்களுக்கு நிலையான ஆசிரியரும், அவ்வாசிரியர் குடும்பத்தோடு தங்க வீடும் வேண்டும். பிள்ளை கடல் கடந்து கல்வியைத் தேடும் நிலை உள்ளவரை, எந்தக் கல்லூரி எத்தனை இடம் ஒதுக்கினாலும் அது நாலு பிள்ளைக்குத்தான்; நாற்பதாவது பிள்ளைக்கு அன்று.

நேர்முகத்துக்குப் போய் வந்த பையன் இப்போது எங்கள் பாடசாலையில் ஒன்பதாம் வகுப்பு. சென்ற வாரம் என்னிடம் வந்து, உயர்தரத்தில் இணைந்த கணிதம் செய்யவேண்டுமென்றான். எங்கள் பாடசாலையில் அப்பாடத்துக்கு ஆசிரியர் இல்லை என்பது அவனுக்கும் தெரியும். ஆசிரியர் கேட்டுப் பெற்றோர் கையொப்பமிட்ட விண்ணப்பத்தை அனுப்பியிருக்கிறோம். முதற் கையொப்பம் அவன் தகப்பனுடையது.